யூரிக் ஆசிட் ஏறியிருக்கா? குடல் பாக்டீரியாவையும் புரோபயாடிக்கையும் சரியா பயன்படுத்துறது எப்படி – முழு வழிகாட்டி

ரத்த டெஸ்ட்ல யூரிக் ஆசிட் 8, 9னு வந்த உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி எதை சாப்பிடக்கூடாதுங்கறதுதான். கறி வேணாம், மீன் வேணாம், பருப்பு வேணாம்னு நீளமா ஒரு லிஸ்ட் வந்துடும், பயந்துபோய் பாதி சாப்பாட்டை நிறுத்திடுவாங்க, ஆனா உடம்புல உருவான யூரிக் ஆசிட் எந்த வழியா வெளிய போகுது, அந்த வழி ஒழுங்கா வேலை செய்யுதான்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. கிட்னி பத்தியாவது டாக்டர் ரெண்டு வார்த்தை சொல்லுவார், குடல் பத்தி பேச்சே வராது. தினமும் வெளியேறுற யூரிக் ஆசிட்ல ஏறக்குறைய 3-ல 2 பங்கு கிட்னி வழியா போகுது, மீதி 3-ல 1 பங்கு குடல் வழியா. கிட்னி பலவீனமா இருக்கறவங்களுக்கு இந்த குடல் பங்கு இன்னும் கூடும்.

இன்னொரு பக்கம், இதையே வச்சு "இந்த புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) கேப்சூல் போடுங்க, கவுட் (யூரிக் ஆசிட் படிகம் மூட்டுல படிஞ்சு வர்ற வீக்கமும் வலியும்) மாத்திரையே வேண்டாம்"னு விக்கறாங்க. அதை நம்பி மாத்திரையை விட்டவங்களுக்கு மூட்டு வீங்கி தூக்கமில்லாம போகுது, கிட்னியும் சேர்ந்து அடி வாங்குது. அதனால எது நிஜம், எது இன்னும் ஆராய்ச்சி நிலையில இருக்கு, எந்த வரிசையில செய்யணும்னு தெளிவா எழுதிடலாம்னு நினைச்சேன்.

குடலுக்குள்ள என்ன நடக்குது

நம்ம செல்கள் உடையும்போதும், சாப்பாட்டுலேர்ந்தும் ப்யூரின்னு ஒரு பொருள் வருது. சாந்தீன் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம் அதை கடைசியா யூரிக் ஆசிடா மாத்துது. நிறைய விலங்குகளுக்கு யூரிகேஸ்னு இன்னொரு என்சைம் இருக்கு, அது யூரிக் ஆசிடை இன்னும் உடைச்சு சுலபமா கரையுற பொருளா ஆக்கிடும். மனுஷனுக்கும் மனிதக்குரங்குகளுக்கும் அந்த ஜீன் பல லட்சம் தலைமுறைக்கு முன்னாடியே செயலிழந்து போச்சு. அதனாலதான் நமக்கு கவுட் வருது, நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமா வர்றதில்ல.

குடல் சுவர்ல ஏபிசிஜி2ன்னு ஒரு புரதம் இருக்கு, ரத்தத்துல இருக்கற யூரிக் ஆசிடை குடலுக்குள்ள தள்ளறது அதோட வேலை. சிலருக்கு பிறவியிலேயே இந்த புரதம் கொஞ்சம் மந்தமா இருக்கும், அவங்க எவ்வளவு பத்தியம் இருந்தாலும் அளவு இறங்க அடம்பிடிக்கறதுக்கு இது ஒரு காரணம், அதுக்காக அவங்களை "வாயை கட்டல"ன்னு திட்டறது நியாயமே இல்ல.

குடலுக்குள்ள வந்த யூரிக் ஆசிடை அங்க இருக்கற பாக்டீரியா சாப்பிடுது. இது அரசல் புரசலா ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எந்த ஜீனை வச்சு எப்படி உடைக்குதுன்னு 2023-லதான் தெளிவாச்சு. ஸ்டான்ஃபோர்ட் குழு ஒண்ணும் விஸ்கான்சின் குழு ஒண்ணும் தனித்தனியா இதை காட்டினாங்க. ஆக்சிஜன் இல்லாத இடத்துல வாழற குடல் பாக்டீரியா பல வகை, யூரிக் ஆசிடை உடைச்சு லாக்டேட்டாவும் குட்டை சங்கிலி கொழுப்பு அமிலங்களாவும் மாத்துது. ஆய்வகத்துல வளர்த்து பார்த்த குடல் பாக்டீரியாவுல கிட்டத்தட்ட 5-ல 1 பங்குக்கு இந்த திறமை இருந்துச்சு. யூரிகேஸ் இல்லாத எலிகளோட குடல் பாக்டீரியாவை அழிச்சப்ப யூரிக் ஆசிட் கடுமையா ஏறிச்சு. அதே ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுல நோயாளிகளோட மருத்துவ பதிவுகளையும் பார்த்தாங்க, இந்த வகை பாக்டீரியாவை கொல்ற ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்கு பின்னாடி கவுட் வர்ற வாய்ப்பு கூடியிருந்துச்சு.

இதுல ஒரு விஷயத்தை நல்லா கவனிங்க. யூரிக் ஆசிடை உடைக்கற இந்த பாக்டீரியாவுல பெரும்பாலானது எந்த கேப்சூல்லயும் வர்றதில்ல. கடையில கிடைக்கறது அதிகமா லாக்டோபாசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள்தான், அதுங்க வேலை செய்யற விதமே வேற, அதை பின்னாடி சொல்றேன். அதனால ஏற்கனவே உங்க வயித்துக்குள்ள குடியிருக்கற பாக்டீரியாவை காப்பாத்தி தீனி போடறதுதான் முதல் வேலை, டப்பா வாங்கறது கடைசி வேலை. கீழ இருக்கற வரிசையும் அப்படித்தான் போகும்.

ஸ்டெப் 1: நீங்க எந்த நிலையில இருக்கீங்கன்னு பாருங்க

யூரிக் ஆசிட்டோட சேர்த்து கிரியேட்டினின் (கிட்னி வேலையை காட்டறது), சுகர், லிப்பிட், யூரின் டெஸ்ட் எல்லாம் பாத்துடுங்க. உடம்பு வெப்பநிலையில 6.8 தாண்டினா யூரேட் (ரத்தத்துல யூரிக் ஆசிட் இருக்கற வடிவம்) ரத்தத்துல முழுசா கரையாம படிகமாக ஆரம்பிக்கலாம். இதுவரைக்கும் மூட்டு வலியோ கல்லோ வராம நம்பர் மட்டும் ஏறியிருந்தா பொதுவா மாத்திரை தேவைப்படாது, அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரிங்கற மூட்டு நோய் டாக்டர்கள் அமைப்போட 2020 வழிகாட்டியும் அப்படித்தான் சொல்லுது, இவங்களுக்குதான் இந்த கட்டுரை ரொம்ப நேரடியா உதவும். திரும்பத் திரும்ப கவுட் அட்டாக் வருது, தோலுக்கு அடியில டோஃபஸ்னு யூரேட் படிகக் கட்டி இருக்கு, இல்ல கவுட்டோட கிட்னி கல்லோ ஏறின கிரியேட்டினினோ சேர்ந்திருக்குன்னா மாத்திரைதான் அடிப்படை, குறி 6-க்கு கீழ. கட்டி இருந்தா பல டாக்டர்கள் 5-க்கு கீழ கொண்டுபோவாங்க. குடல் பராமரிப்பு அதுக்கு மேல கூடுதல் பலம், மாத்திரைக்கு பதில் கிடையாது.

அட்டாக் நடக்கும்போது எடுத்த டெஸ்ட்டை நம்பிடாதீங்க, அந்த நேரத்துல அளவு சாதாரணமாவே காட்டலாம், வலி அடங்கி 2 வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. மூட்டு சூடா வீங்கி கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தா கவுட்டுன்னு நீங்களே முடிவு பண்ணாம உடனே ஆஸ்பத்திரி போங்க, மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

இன்னொண்ணு, நீங்க வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு லிஸ்ட் போடுங்க. நீர் பிரியறதுக்கு கொடுக்கற தயாசைடு, ஃப்யூரோசமைடு, ஹார்ட்டுக்கு கொடுக்கற குறைந்த டோஸ் ஆஸ்பிரின், டிபி மருந்துல பைராசினமைடு எல்லாம் யூரிக் ஆசிடை ஏத்தும். நீங்களா நிறுத்தக்கூடாது, குறிப்பா ஆஸ்பிரினையும் டிபி மருந்தையும். ஆனா பிபிக்கு மாத்திரை மாத்த இடம் இருந்தா டாக்டர் லோசார்டான் மாதிரி ஒண்ணு யோசிக்கலாம், அது யூரிக் ஆசிடை கொஞ்சம் இறக்கும்.

ஸ்டெப் 2: பாக்டீரியாவை கெடுக்கறதை நிறுத்துங்க

முதல் எதிரி தேவையில்லாத ஆன்டிபயாடிக். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் கடையில கேட்டு வாங்கி 2 நாள் போட்டு நிறுத்தற பழக்கம் குடலுக்கு பெரிய கேடு. டாக்டர் பரிசோதிச்சு கொடுத்தா முழுசா சாப்பிடுங்க, பயப்படாதீங்க, ஆனா "எதுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் எழுதுங்க"ன்னு நாமளா கேக்க வேண்டாம்.

ரெண்டாவது இனிப்பு பானங்கள். அதுல இருக்கற ஃப்ரக்டோஸ்ங்கற சர்க்கரை கல்லீரலுக்கு போன உடனே அதை பதப்படுத்த ஏடிபி (செல்லோட எரிபொருள்) வேகமா செலவாகுது, அந்த ஏடிபி உடைஞ்சு கடைசியில யூரிக் ஆசிடா நிக்குது. அதாவது ஒரு துளி ப்யூரின் இல்லாத பானமே யூரிக் ஆசிடை ஏத்தும், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. 2008-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல தினமும் 2 சர்க்கரை கூல்ட்ரிங்க்ஸோ அதுக்கு மேலயோ குடிச்ச ஆண்களுக்கு, மாசத்துக்கு ஒண்ணுக்கும் கம்மியா குடிச்சவங்களை விட கவுட் வாய்ப்பு 85% அதிகமா இருந்துச்சு. பழ ஜூஸும் அதே கணக்குதான், பழத்தை பழமா சாப்பிட்டா நார்ச்சத்தோட மெதுவா போகும்.

மூணாவது மது. பீர்ல ப்யூரினும் உண்டு, ஆல்கஹாலும் உண்டு, அதனால ரெட்டை அடி. குடல் சுவரோட இறுக்கத்தையும் மது தளர்த்துது, அப்ப பாக்டீரியாவோட நச்சுத்துண்டுகள் ரத்தத்துக்குள்ள கசிஞ்சு உடம்பு முழுக்க அழற்சியை தூண்டும்.

பட்டினி கிடந்து வேகமா எடை குறைக்கறதும் வேண்டாம். பட்டினியில கொழுப்பு எரிஞ்சு கீட்டோன்னு ஒரு பொருள் ஏறும்போது கிட்னி யூரிக் ஆசிடை வெளியேத்தறது குறையும், நம்பர் ஏறி அட்டாக் வந்துடும். எடை குறைக்கணும்தான், அது ரொம்ப உதவும், ஆனா மெதுவா.

ஸ்டெப் 3: நார்ச்சத்தை படிப்படியா ஏத்துங்க

என்னைக் கேட்டா இதுதான் முழு வேலையிலயும் முக்கியமான பாகம், இங்கதான் பெரும்பாலானவங்க சோம்பல்படுறாங்க, ஏன்னா கேப்சூல் வாங்கறது சுலபம், சாப்பாட்டை மாத்தறது கஷ்டம்.

நார்ச்சத்தை நம்மளால செரிக்க முடியாது, அது அப்படியே பெருங்குடலுக்கு போகுது, பாக்டீரியா அதை நொதிக்க வச்சு அசிடேட், ப்ரோபியோனேட், பியூட்டிரேட்னு குட்டை சங்கிலி கொழுப்பு அமிலங்களை உண்டாக்குது. பியூட்டிரேட் பெருங்குடல் செல்களுக்கு நேரடி எரிபொருள், அது இருந்தாதான் குடல் சுவர் இறுக்கமா இருக்கும். 2016-ல சீனாவுல கவுட் நோயாளிகளோட மலத்தை பரிசோதிச்ச ஆய்வுல, பியூட்டிரேட் தயாரிக்கற ஃபீக்கலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்சி அவங்க கிட்ட ஆரோக்கியமானவங்களை விட குறைவா இருந்துச்சு. இது காரணமா விளைவான்னு அந்த ஒரு ஆய்வை வச்சு சொல்ல முடியாது. ஆனா நார்ச்சத்து சாப்பிட்டா அந்த வகை பாக்டீரியாவுக்கு தீனி கிடைக்குது, அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

குறி ஒரு நாளைக்கு 25லேர்ந்து 30 கிராம். இப்ப 10, 12 கிராம்தான் சாப்பிடுறீங்கன்னா ஒரே நாள்ல 30-க்கு தாவாதீங்க, வயிறு உப்பி கேஸ் பிடிச்சு "இது நமக்கு ஒத்துக்கல"ன்னு விட்டுடுவீங்க. வாரத்துக்கு 5 கிராம் கூட்டுங்க போதும், கூடவே தண்ணியும் கூட்டுங்க. தீட்டாத தானியம், ஓட்ஸ், பயறு வகை, காய்கறி, தோலோட பழம், கொட்டைகள், விதைகள்னு மாத்தி மாத்தி சாப்பிடுங்க, ஒவ்வொரு வகை நாருக்கும் வேற வேற பாக்டீரியா வளரும். வெங்காயம், பூண்டு, கொஞ்சம் பச்சையா இருக்கற வாழைப்பழம், வேகவச்சு ஆறின உருளைக்கிழங்கு இதெல்லாம் பாக்டீரியாவுக்கு ரொம்ப பிடிச்ச தீனி.

"பருப்புல ப்யூரின் இருக்கே"ன்னு உடனே கேப்பீங்க. 2004-ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு, 47,000-க்கும் மேல ஆண்களை 12 வருஷம் தொடர்ந்து பார்த்தது. கறியும் மீன் வகைகளும் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு கவுட் கூடுச்சு, பால் பொருட்கள் அதிகம் சாப்பிட்டவங்களுக்கு குறைஞ்சுது, பருப்பு, பட்டாணி, கீரை, காளான், காலிஃபிளவர் மாதிரி ப்யூரின் உள்ள சைவ உணவுகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பே தெரியல. அதனால பருப்பையும் கீரையையும் பயந்து நிறுத்தாதீங்க, நிறுத்தினா குடல் பாக்டீரியாவைத்தான் பட்டினி போடுறீங்க. நிறுத்த வேண்டியது ஈரல், கிட்னி, மூளை மாதிரி உறுப்பு இறைச்சி. அளவா வச்சுக்க வேண்டியது சிவப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி, சிப்பி வகைகள்.

கிட்னி நோய் முத்தினவங்க மட்டும் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கை டாக்டர் கிட்டயோ டயட்டீஷியன் கிட்டயோ கேட்டுட்டு மாத்துங்க, மேல சொன்ன லிஸ்ட் அவங்களுக்கு அப்படியே பொருந்தாது. வயிறு அடிக்கடி உப்பி பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வர்றவங்க வெங்காயம் பூண்டை கடைசியா சேருங்க.

ஸ்டெப் 4: நொதிச்ச உணவை சேருங்க

2021-ல ஸ்டான்ஃபோர்ட்ல 36 பேரை வச்சு 10 வாரம் ஒரு சோதனை நடந்துச்சு. ஒரு குழு நார்ச்சத்தை கூட்டுச்சு, இன்னொரு குழு தயிர், கெஃபிர் (புளிக்க வச்ச பால்) மாதிரி நொதிச்ச உணவுகளை கூட்டுச்சு. நொதிச்ச உணவு குழுவுல குடல் பாக்டீரியாவோட வகைகள் கூடுச்சு, ரத்தத்துல அழற்சி குறிகள் பல குறைஞ்சுது. இது யூரிக் ஆசிடை அளந்த சோதனை இல்ல, அதனால அதுக்கு மேல இழுத்து அர்த்தம் பண்ண வேண்டாம். ஆனா யூரிக் ஆசிட்காரங்களுக்கு இனிப்பில்லாத தயிர் வேற வழியிலயும் நல்லது, பால் புரதம் கிட்னி வழியா யூரிக் ஆசிட் வெளியேற உதவுது. தினமும் ஒரு கப்ல ஆரம்பிங்க. கொழுப்பு குறைஞ்சதுக்குதான் ஆய்வு ஆதாரம் பலமா இருக்கு.

சர்க்கரை கலந்த ஃபிளேவர் தயிரும், இனிப்பு சேர்த்த கொம்புச்சாவும் (புளிக்க வச்ச டீ) இந்த கணக்குல வராது. உப்புல ஊறுன நொதிச்ச காய்கறி நல்லதுதான், பிபி இருந்தா அளவு பாத்துக்கோங்க. சூடு பண்ணினா உயிருள்ள பாக்டீரியா செத்துடும், சமைச்ச பிறகு மேல சேருங்க.

ஈஸ்ட் விஷயத்துல கவனம் தேவை. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பவுடர், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் ரெண்டுலயும் ப்யூரின் ரொம்ப அதிகம், "குடலுக்கு நல்லது"ன்னு ஸ்பூன் ஸ்பூனா சாப்பிட்டா நேர் எதிர்வேலை நடக்கும்.

ஸ்டெப் 5: கேப்சூல் வாங்கணும்னா இப்படி வாங்குங்க

மேல இருக்கறதை 2, 3 மாசம் ஒழுங்கா செஞ்ச பிறகும் முயற்சி பண்ணி பாக்கணும்னு தோணினா புரோபயாடிக் எடுக்கலாம். லாக்டோபாசிலஸ் வகைகள்ல சிலது, சாப்பாட்டுலேர்ந்து வர்ற ஐனோசின், குவானோசின் மாதிரி ப்யூரின் துண்டுகளை குடல் உறிஞ்சறதுக்கு முன்னாடியே தான் எடுத்துக்குது. அதாவது இது உள்ள வர்றதை குறைக்கற வேலை. ஜப்பான்ல லாக்டோபாசிலஸ் காசெரி பிஏ-3ன்னு ஒரு ஸ்ட்ரெயினை (ஒரே பாக்டீரியா வகைக்குள்ள இருக்கற தனி உட்பிரிவு) இதுக்காகவே ஆராய்ச்சி பண்ணி தயிர்ல சேர்த்தாங்க. ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள், அடிக்கடி கவுட் வர்ற 30 பேரை வச்சு 6 மாசம் சோதிச்சாங்க, பாதி பேருக்கு லாக்டோபாசிலஸ் சாலிவேரியஸ் ஸ்ட்ரெயின் ஒண்ணு, மீதி பேருக்கு யூரிக் ஆசிடை இறக்கற வழக்கமான மாத்திரையான அலோபுரினால். புரோபயாடிக் குழுவுல யூரிக் ஆசிடும் அட்டாக்கும் குறைஞ்சுது. கேக்க நல்லா இருக்கு, ஆனா 30 பேர்ங்கறது ரொம்ப சின்ன எண்ணிக்கை, இதை வச்சு யாரும் மாத்திரையை விடக்கூடாது.

வாங்கும்போது லேபிள்ல மூணு பகுதி பேர் முழுசா இருக்கான்னு பாருங்க: இனம், வகை, கடைசியா எழுத்தும் நம்பருமா ஸ்ட்ரெயின். வெறும் "லாக்டோபாசிலஸ்"னு மட்டும் போட்டிருந்தா அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு ஸ்ட்ரெயின் செஞ்ச வேலையை அதே வகையோட இன்னொரு ஸ்ட்ரெயின் செய்யும்னு உத்தரவாதமே இல்ல, இதை மறைச்சுதான் பாதி வியாபாரம் நடக்குது. எண்ணிக்கை சிஎஃப்யூ (உயிரோட இருந்து பெருகக்கூடிய பாக்டீரியா) கணக்குல இருக்கும், அது தயாரிச்ச நாள் கணக்கா இல்ல எக்ஸ்பைரி வரைக்குமான உறுதியான்னு பாருங்க, எக்ஸ்பைரி வரைக்கும்னு போட்டதுதான் நல்லது. ஸ்பெயின் சோதனையில தினமும் கொடுத்தது 100 கோடி அளவுதான், அதனால 5,000 கோடி, 10,000 கோடின்னு பெரிய நம்பர் போட்ட டப்பா ஒசத்தின்னு நினைக்காதீங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்லியிருந்தா கண்டிப்பா வைங்க.

முதல் வாரம் லேசா கேஸ், வயிறு உப்பல் இருக்கலாம், போயிடும். தினமும் ஒரே நேரம், சாப்பாட்டோட எடுங்க. நிறுத்தினா சில வாரத்துல அந்த பாக்டீரியா குடலை விட்டு போயிடும், பெரும்பாலும் நிரந்தரமா குடியேறாது.

ஆன்டிபயாடிக் முடிச்ச கையோட புரோபயாடிக் போடறதும் எல்லாருக்கும் சரின்னு சொல்ல முடியாது. இஸ்ரேல்ல வைஸ்மேன் இன்ஸ்டிட்யூட் 2018-ல செஞ்ச சின்ன ஆய்வுல, அப்படி போட்டவங்களுக்கு அவங்க சொந்த பாக்டீரியா திரும்பி வர்றது தாமதமாச்சு. ஆன்டிபயாடிக்கால வர்ற பேதியை தடுக்க டாக்டர் கொடுத்தா எடுங்க, ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 2 மணி நேரம் விடுங்க.

கீமோ எடுக்கறவங்க, உறுப்பு மாற்று சிகிச்சை பண்ணினவங்க, ரத்தக்குழாய்ல நிரந்தர லைன் போட்டிருக்கறவங்க, கடுமையான கணைய அழற்சியில இருக்கறவங்க டாக்டரை கேக்காம எந்த புரோபயாடிக்கும் தொடாதீங்க. உயிருள்ள பாக்டீரியா ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து.

ஸ்டெப் 6: வேலை செஞ்சுதான்னு நேர்மையா அளங்க

ஒரே நேரத்துல நாலு மாத்தம் பண்ணாதீங்க, எது உதவுச்சுன்னே தெரியாது. முதல்ல சாப்பாடு, 8லேர்ந்து 12 வாரம் கழிச்சு டெஸ்ட். அப்புறம் கேப்சூல், மறுபடி 8லேர்ந்து 12 வாரம், டெஸ்ட். ஒரே லேப், ஒரே மாதிரி நேரம், முந்தின நாள் மதுவும் கடும் உடற்பயிற்சியும் இல்லாம, தண்ணி நல்லா குடிச்சுட்டு போங்க. யூரிக் ஆசிட் நாளுக்கு நாள் அரை புள்ளி தானாவே ஏறி இறங்கும், அதனால 7.9 வந்து 7.6 ஆச்சுன்னா அது கேப்சூலோட சாதனை ஆகிடாது.

சாப்பாடு மாத்தறதால பொதுவா 1 புள்ளி சுமார் இறங்கும், எடை அதிகமா இருந்து குறைச்சவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. 7.2 இருக்கறவருக்கு அது பெரிய விஷயம். 9.5 இருந்து அட்டாக்கும் வர்றவருக்கு அது பத்தவே பத்தாது, அவர் அலோபுரினால் மாதிரி மருந்துக்கு போறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. பொதுவா 100 மில்லிகிராம் அல்லது அதுக்கும் கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க. ஆரம்பிச்ச புதுசுல பழைய படிகம் கரையும்போது அட்டாக் வரலாம், அதுக்காக 3லேர்ந்து 6 மாசம் கோல்ச்சிசின் மாதிரி அட்டாக்கை தடுக்கற மருந்து ஒண்ணு கூட கொடுப்பாங்க. அந்த அட்டாக்கை பாத்துட்டு "மாத்திரை ஒத்துக்கல"ன்னு நிறுத்திடாதீங்க. ஆனா தோல்ல தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா அது வேற விஷயம், அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரை பாருங்க.

மலத்தை அனுப்பி பாக்டீரியா லிஸ்ட் வாங்கற டெஸ்ட்டுக்கு காசு செலவு பண்ண வேண்டாம். அந்த லிஸ்ட்டை வச்சு யூரிக் ஆசிட் சிகிச்சையை மாத்தற அளவுக்கு உறுதியான முறை எதுவும் இன்னும் வரல. 12 வாரம் கேப்சூல் போட்டும் நம்பர் அசையலன்னா அதை நிறுத்திடுங்க, அந்த காசுக்கு பயறும் பழமும் தயிரும் வாங்குங்க, அடுத்த தடவை டாக்டர் கிட்ட போகும்போது ரெண்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் என்ன ஸ்ட்ரெயின் எடுத்தீங்கங்கற டப்பாவையும் சேர்த்து எடுத்துட்டு போய் காட்டுங்க.